அச்சுக்குச் செய்த பெட்டி

எழுத நான் யார் என்று யாராவது கேட்கலாம். பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பொடி பாக்கெட் மேல் ஒட்டும் லேபிளும், மாதா கோயிலில் ஜெப விண்ணப்பத்துக்குப் போடும் துண்டுச் சீட்டும்தான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள், முகம் தெரியாத உங்களை உட்காரவைத்துக் கதை சொல்ல வந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் பக்கத்து வீட்டுக்கு ஊசி கேட்கப் போனேன். அந்த அம்மா அலமாரியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து, அதற்குள் கிடந்த நூல்கண்டுகளைக் கிளறி ஊசியைத் தேடினார். அது எங்கள் பெட்டி. முதல் வருஷத்துப் பெட்டி. மூலையெல்லாம் நைந்து, மேலே இருந்த சிவப்பு நிறம் வெளுத்துப் போயிருந்தது. ஊசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி வந்த வருஷம், பெண்களுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இலவசமான புதிது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ரசப்பொடி, பருப்புப்பொடி, மிளகாய்த்தூள் போட்டு விற்றுக்கொண்டிருந்தேன். பாலித்தீன் கவரில் நிரப்பி, வாயை மெஷினில் வைத்து ஒட்டினால் முடிந்தது. தெரிந்த வீடுகளும் இரண்டு மூன்று கடைகளும் வாங்கும். வீட்டுக்காரர் ஸ்கூட்டர் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறார். இரண்டையும் சேர்த்து எங்கள் பாடு நடந்துகொண்டிருந்தது.

எங்கள் கவலை அண்ணியைப் பற்றித்தான். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. தங்கவயலில் சுரங்கக் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊரில் பாதிப் பேர் பிழைக்கிற மாதிரிதான் அவரும் பிழைத்தார். விடிவதற்கு முன்னால் ரயில் ஏறி, வைட்ஃபீல்ட் பக்கம் ஒரு துணிக் கம்பெனியில் சட்டை தைத்து, இருட்டிய பிறகு வீடு போய்ச் சேருவார். அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள், நகர ஆரம்பித்த ரயிலில் ஏறப் போய்க் கால் வழுக்கிவிட்டது. உள்ளே இருந்த பெண்கள் முடியையும் புடவையையும் சேர்த்துப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். முட்டி வீங்கிப் போனதோடு தப்பித்தார். அதற்குப் பிறகு, "ஏறிட்டேன்" என்று அண்ணியிடமிருந்து போன் வரும்வரை என் வீட்டுக்காரருக்குக் காலையில் காபி இறங்காது.

"இங்கயே வந்து இருந்துடுக்கா" என்று அவர் எத்தனையோ முறை கூப்பிட்டார்.

"வந்து இன்னா பண்றது? நீ சம்பாரிச்சுப் போடுவே, நான் குந்திக்கினு துண்ணணுமா?" என்பார் அண்ணி.

"பொடி போடறதுல உதவி பண்ணுங்க அண்ணி" என்று நான் சொன்னால், "உன் பொடிக்கு நீ ஒருத்தியே ஜாஸ்தி. என் கைக்கு வேலை கீதுன்னா சொல்லு, அன்னிக்கே மூட்டை கட்டிக்கினு வரேன்" என்று என் வாயையும் அடைத்துவிடுவார்.

சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். ஞாயிறு பூசை முடித்துச் சாப்பிட்டு, சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். ஒரு ராத்திரி சேர்த்துத் தங்கச் சொன்னால் கேட்கமாட்டார். "ரெண்டு நாள் பூட்டு தொங்கினா கதவையே கழட்டிக்கினு போயிடுவானுங்க" என்பார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அச்சு முறுக்கு யோசனை வந்தது. விவேக் நகரில் கோயில் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா எங்கள் பொடியை வாங்குவார். அண்ணி சுட்ட அச்சு முறுக்கு நாலை அவருக்குக் கொண்டு போய்க் கொடுத்தேன். பூ மாதிரி இருக்குமே, அதுதான். இங்கே கடைகளில் ரோஸ் குக்கீஸ் என்பார்கள். கிறிஸ்துமஸ் என்றால் எங்கள் ஜனங்கள் வீட்டிலிருந்து அது இல்லாமல் பலகாரத் தட்டு வெளியே போகாது. அந்த அம்மா ஒன்றைக் கடித்தார், இன்னொன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாயிருக்கு. ஆனா கவர்ல போட்டுக் கொண்டாந்தீங்கன்னா நான் தொடமாட்டேன். வர்றவங்க எல்லாம் அமுக்கிப் பாப்பாங்க. சாயங்காலம் தூளைத்தான் விக்கணும். நல்ல பொட்டியில போட்டு, உடையாம கொண்டாங்க. டிசம்பர் முதல் ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துச்சுன்னா சீசன் முழுக்க உங்களுதுதான். அது தாண்டினா வேற ஆளு இருக்கு."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அண்ணி விரல் விட்டு ஏதோ கணக்குப் பார்த்தார். பிறகு, "சீசன் முழுக்கன்னா ரெண்டு ஆளு வேலையாச்சே" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு ஆசையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பெட்டி கிடைத்தால் அண்ணி ரயில் ஏற வேண்டாம். மூன்று பேருக்கும் அது புரிந்தது.

பெட்டி தேடிப் போகிற வேலை என் தலையில் விழுந்தது. அண்ணிக்கு ஞாயிறுதான் லீவு, அன்றைக்கு மொத்தக் கடைகள் இருக்கும் பேட்டைப் பக்கம் மூடியிருக்கும். வீட்டுக்காரரை அனுப்பினால் இரண்டாவது பேச்சிலேயே சண்டை வந்துவிடும். மிச்சம் இருந்தது, காய்காரரிடம்கூடப் பேரம் பேசத் தெரியாத நான்.

சிவாஜி நகர் போய், அங்கிருந்து மார்க்கெட் பஸ் பிடிப்பேன். "ஆதார் தோரிசி" என்று கண்டக்டர் கேட்பார், காட்டினால் காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். மார்க்கெட்டில் இறங்கி மாமூல்பேட்டை, சிக்பேட்டை, சுல்தான்பேட்டை என்று நடப்பேன். பிறந்ததிலிருந்து பெங்களூரில்தான் இருக்கிறேன், ஆனால் அந்தச் சந்துகளுக்குள் அதுவரை தனியாகப் போனதில்லை. ஒரு சந்து முழுக்கக் கல்யாணப் பத்திரிகை. அடுத்த சந்தில் வெறும் ரிப்பன். ஒரு கடையில் மூடி மட்டும்தான் விற்றார்கள், பாட்டிலுக்கு வேறு கடைக்குப் போக வேண்டும். தலையில் அட்டைக் கட்டோடு "சைடு, சைடு" என்று ஆட்கள் ஓடுவார்கள். பசையும் புது அட்டையும் கலந்த ஒரு வாசனை அங்கே எப்போதும் இருக்கும். இப்போது எழுதும்போதும் அது மூக்கில் வருகிறது.

முதல் நாள் ஒரு டப்பா கடை வாசலில் வெகு நேரம் நின்றேன். என்ன கேட்க வேண்டும் என்பதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நின்றதில், கடைக்காரர் என்னை யாருக்கோ காத்திருக்கிறவள் என்று நினைத்து உட்கார ஸ்டூல் கொடுத்தார். உட்கார்ந்த பிறகுதான் மாதிரிக்கு முறுக்கு வைத்திருந்த டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினேன்.

மத்தியானம் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் அண்ணி போன் செய்வார்.

"இன்னாடி சொன்னான் கடைக்காரன்?"

"சாப்பிட்டுப் பாத்தாரு அண்ணி. நல்லா இருக்குன்னாரு."

"துண்ணான் சரி. டப்பா இன்னா ஆச்சு?"

"அதைக் கேக்கறதுக்குள்ள பக்கத்துக் கடைக்காரரும் வந்துட்டாரு. அவரும் ஒண்ணு எடுத்துக்கிட்டாரு."

"ஏண்டி, நீ வியாபாரத்துக்குப் போனியா, பந்தி வெக்கப் போனியா?"

பக்கத்தில் யாரோ கேட்டுச் சிரிப்பது போனில் கேட்கும். என் கதை அந்தக் கம்பெனியில் ஒரு வரிசைக்கே தெரிந்திருந்தது. ஒருநாள் போகாமல் இருந்துவிட்டால், "உன் தம்பி பொண்டாட்டி பொட்டி கதை இன்னாச்சு" என்று அண்ணியைக் கேட்பார்களாம்.

டப்பாக்கள் ஒத்துவரவில்லை. பெரிய பிளாஸ்டிக் ஜாரில் அடுக்கினால் அடியில் இருப்பது நொறுங்கியது. ரெடிமேட் ஸ்வீட் பாக்ஸ் அரைக் கிலோவில் மூடி சேரவில்லை, ஒரு கிலோவில் உள்ளே உருண்டு உடைந்தது. அளவு கொடுத்துப் பெட்டி செய்யச் சொல்லுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். கேட்ட இடத்திலெல்லாம் ஆயிரத்துக்குக் குறைந்து செய்யமாட்டோம் என்றார்கள். நவம்பர் பாதி போய்விட்டது.

கடைசியில் சுல்தான்பேட்டையில் ஒரு மாடியில் பெட்டி வெட்டும் பாய் ஒருவரைப் பிடித்தேன். குறுகலான மரப்படி, மேலே ஒரு பெரிய வெட்டும் மெஷின், சுற்றிலும் அட்டைக் குவியல். "க்யா ஹோனா அம்மா?" என்று என்ன வேண்டுமெனக் கேட்டார். அரைகுறை ஹிந்தியில் ஆரம்பித்தேன். அவரே தமிழுக்கு மாறிவிட்டார். ஐந்நூறு செய்து தருவதாக ஒப்புக்கொண்டார்.

"மால் எங்கே? காட்டு."

டிபன் பாக்ஸைத் திறந்தேன். அன்றைக்கு மார்க்கெட் பஸ்ஸில் நசுங்கியதில் ஒன்றுகூட முழுதாக இல்லை. பாய் எட்டிப் பார்த்து, "இதுக்குப் பொட்டி வேணாம், ஸ்பூன் வேணும்" என்றார்.

மறுபடி போகும்போது என்னைப் பொறுத்தவரை ரொம்பப் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தேன். முறுக்குத்தானே உடைகிறது, இரும்பு உடையாதே என்று அச்சையே எடுத்துக்கொண்டு போனேன். அது என் மாமியாருடைய அச்சு. தங்கவயலில் அவர்கள் லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு அச்சுதான் இருந்ததாம். டிசம்பர் வந்தால் வீடு வீடாகப் போகும், அதன் மேல் எண்ணெய் காயவே காயாது. எல்லா வீட்டுத் தட்டிலும் ஒரே பூ. யாராவது அளவு கேட்டால், "அச்சு அளவு" என்பார்கள். எங்களுக்கு முறுக்கின் அளவு என்பது அதுதான். நீளமான கம்பிப் பிடி பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "ஏன்மா இது, முத்திரை குத்தறதா?" என்று கண்டக்டர் கேட்டார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முந்தானையால் மூடிக்கொண்டேன்.

பாய் ஸ்கேல் வைத்து அச்சை நாலு பக்கமும் அளந்தார். "இதான் சைஸா?"

"இதான்."

"கொஞ்சம் ஜாஸ்தி உடணுமா?"

"வேண்டாம். ஆடினா உடையும். டைட்டா இருக்கட்டும்."

"பக்கா?"

"பக்கா."

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு உறுதியாகப் பேசியது அதற்கு முன் கிடையாது.

சிவப்பு அட்டையில், மேலே ஒரு சின்ன மஞ்சள் நட்சத்திரத்தோடு பெட்டிகள் மடிப்புக் கட்டாக வந்து சேர்ந்தன. சனிக்கிழமை அண்ணி வந்ததும் கைகால் கழுவிவிட்டு முதல் பெட்டியை அவரே மடித்தார். தைக்கிற கை, மடிப்பு அழகாக உட்கார்ந்தது. காலையில் நான் சுட்டு வைத்திருந்த முறுக்கில் நல்லதாக ஒன்றை எடுத்து உள்ளே வைத்தார். அது இறங்கவில்லை. திருப்பி வைத்தார். இறங்கவில்லை. இன்னொரு பெட்டி, இன்னொரு முறுக்கு. பெட்டியின் விளிம்பில் பூ உட்கார்ந்துகொண்டு உள்ளே போகமாட்டேன் என்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாவு அச்சின் உள்ளேயா ஒட்டுகிறது? வெளிப்பக்கம் ஒட்டி, எண்ணெயில் விரிந்து, கழன்று வருகிறது. அச்சைவிட முறுக்கு ஒரு விரல் அகலம் பெரிசு. இத்தனை வருஷமாகச் சுடுகிறேன், தோன்றவில்லை.

அண்ணி சமையலறைக்குள் போய் அச்சை எடுத்து வந்து பெட்டிக்குள் வைத்தார். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

"அச்சையே வித்துடலாம் வா" என்றார். "அதுக்குத்தான் பொட்டி நல்லா பொருந்துது."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அண்ணியும் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகும் முந்தானையை முகத்திலிருந்து எடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் கிளம்பும்போது, "போவுது வுடு. ரயிலு இன்னா எனக்குப் புதுசா?" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். முட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் ஆட்டோவில் ஏறியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

திங்கட்கிழமை ஒரு பெட்டியையும், இந்த முறை உடையாமல் ஒரு முறுக்கையும் எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன். படி ஏறும்போதே அழுகை வந்தது. ஆனால் மேலே போனதும் பேசிவிட்டேன்.

"தப்பு என்னோடதுதான். அச்சைக் காட்டிட்டேன். ஆனா எனக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள பொட்டி வேணும்."

பாய் முறுக்கைப் பெட்டி மேல் வைத்துப் பார்த்தார். மெஷினை நிறுத்தச் சொன்னார். "அம்மா, கட் ஆனது ஆனதுதான். அட்டை என்ன ரப்பரா, இழுத்துப் பெரிசு பண்ண? புதுசு செய்யணும்னா டிசம்பர் பாதி ஆயிடும். ஊரு பூரா கேக் பொட்டி ஆர்டர் கீது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஏன், நீ பூவைச் சின்னதா பண்ணேன்."

அவர் அதைத் தமாஷாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படி இறங்கி மார்க்கெட் பக்கம் நடந்தேன். பாத்திரக் கடை ஒன்றின் வாசலில், கரண்டிகளோடு கரண்டியாக அச்சுகள் கொத்தாகத் தொங்கின. பெரிசு, சின்னது, ரொம்பச் சின்னது. அப்படியே நின்றுவிட்டேன்.

அன்றைக்கு யாரும் எனக்கு ஸ்டூல் போடவில்லை. நானே உள்ளே போனேன். ஒவ்வொரு அச்சாக எடுத்து, என் சிவப்புப் பெட்டிக்குள் விட்டு, சுற்றிலும் விரல் நுழைகிறதா என்று பார்த்தேன். கடைக்காரர் இரண்டு தடவை பொறுத்துப் பார்த்தார்.

"ஏன்மா, பொட்டிக்குள்ள வெச்சா எண்ணெய் காய்ச்சப் போறே?"

"முறுக்கு பொட்டிக்குள்ள போகணும்ங்க."

"எல்லாரும் முறுக்குக்குப் பொட்டி வாங்குவாங்க. நீ பொட்டிக்கு முறுக்கு வாங்கறியா?"

"ஆமாம்" என்றேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரே அளவில் இரண்டு அச்சு வாங்கினேன்.

புது அச்சு லேசில் மாவை விடாது. அதைப் பழக்க வேண்டும். தேய்த்துக் கழுவி, எண்ணெயில் ஊறப் போட்டு, காயவைத்து, மறுபடி ஊறப் போட்டேன். அப்படியும் முதல் ஈடுகள் அச்சோடு ஒட்டிக்கொண்டன. குச்சியால் நெம்பினால் பாதி எண்ணெயில், பாதி அச்சில். அந்த வாரம் முழுக்க என் வீட்டுக்காரர் காலையும் மாலையும் உடைந்த முறுக்கே சாப்பிட்டார். "காபிக்கு வேற எதுவும் கிடையாதா?" என்று கேட்டவரை நான் பார்த்த பார்வையில் அதற்குப் பிறகு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு முறுக்கு தானாகக் கழன்று எண்ணெயில் மிதந்தது. நான் தனியாக நின்று கைதட்டினேன்.

நான் போனில் சொன்னதைக் கேட்டு, சனிக்கிழமை அண்ணி லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வந்தார். புது அச்சைப் பார்த்து, "இது இன்னாடி, பொம்மைக் கல்யாணத்துக்கா?" என்றார். ஆனால் ஒன்றைச் சுட்டுப் பெட்டிக்குள் இறக்கிப் பார்த்த பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். ஆளுக்கு ஒரு அச்சாக, ஒரே வாணலியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். அவர் அச்சு முங்கும்போது என்னுடையது எழும். தேங்காய்ப்பால் வாசனை தெரு வரைக்கும் போயிருக்கிறது. வாசலில் வந்து எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் அண்ணி, "பொட்டியில போட்டுக் குடுப்போம், கடையில வாங்கு" என்று பதில் சொன்னார்.

இப்போது பெட்டி வாங்க நான் எங்கும் போவதில்லை. அண்ணி முன்னறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு போனில் படம் பார்த்து, "இது வேணா, அது போடு" என்று விரலால் தள்ளுகிறார். நாலு நாளில் வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது. சௌகரியம்தான். ஆனால் நவம்பர் வந்தால் எனக்குக் காரணமில்லாமல் மார்க்கெட் பஸ் ஏறத் தோன்றுகிறது. அந்த மரப்படியையும், முறுக்கு சாப்பிட்டுவிட்டு விலை சொல்லாமல் பேசிக்கொண்டே இருந்த கடைக்காரர்களையும், மத்தியானம் போனில் அண்ணி திட்டுவதையும் நினைத்துக்கொள்கிறேன். ஒரே வீட்டில் இருப்பதால் இப்போது அவர் எனக்குப் போன் செய்வதே இல்லை.

அந்த முதல் வருஷம், டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, நாங்கள் மூன்று பேரும் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் விவேக் நகர் போனோம். பள்ளம் வரும்போதெல்லாம் அண்ணி, "மெதுவா போப்பா, உள்ள கொயந்தை கீது" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார். கடைக்கார அம்மா ஒரு பெட்டியை எடுத்துக் காதோரம் குலுக்கினார். சத்தம் வரவில்லை. மேஜை மேல் இரண்டு தட்டுத் தட்டினார். மூடியைத் திறந்தார். பூக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக, முழுசாக இருந்தன.

"சின்னதா இருக்கே?"

நான் வாய் திறப்பதற்குள் அண்ணி சொன்னார்: "பெருசா இருந்தா ஒண்ணு துண்ணுட்டு வெச்சிடுவாங்க. சின்னதுன்னா கை நிக்காது."

அந்த அம்மா சிரித்துவிட்டார். எல்லாவற்றையும் முன் அலமாரியில் அடுக்கச் சொன்னார். புதன்கிழமைக்கு இன்னும் இதே அளவு வேண்டும் என்றார். வெளியே வந்ததும் அண்ணி என் வீட்டுக்காரரிடம், "டேய், தங்கவயல் வீட்டுக் கதவுக்கு வேற நல்ல பூட்டு ஒண்ணு வாங்கு, பெருசா" என்றார். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். அன்று ராத்திரி அண்ணி ரயிலுக்குப் போகவில்லை, எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டார்.

மறுநாள் திங்கட்கிழமை, வேலையை விடுவதாகச் சொல்ல அண்ணி எங்கள் வீட்டிலிருந்தே கம்பெனிக்குப் போனார். சூப்பர்வைசர் லீவு, சொல்ல ஆளில்லை. சாயங்காலம் வரைக்கும் சட்டைக்குக் காலர் தைத்துவிட்டு வந்தார்.